சமையலறையில் ஒரு கண்டிப்பு

ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப் பருவத்தை நினைந்து எழுதி 1981-இல் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ தமிழ் வாசகர்க்கும் அறிமுகமான நூல். முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியின் பேச்சை, டோமோயி பள்ளித் தலைமையாசிரியர் கொபயாஷி நான்கு மணி நேரம் பொறுமையாய்க் கேட்கும் பகுதியையே பலரும் போற்றுவர்.

எனினும் நூலின் உயிர் வேறொரு காட்சியில் உள்ளது. உடல் வளர்ச்சி குன்றிய தக்காஹாஷியிடம், வால் இருக்கிறதா என்று ஆசிரியை வேடிக்கையாகக் கேட்டுவிடுகிறார். அவர் தீயவர் அல்லர், எண்ணாமல் பேசியவர். கொபயாஷி அவரைக் கடிந்துகொள்கிறார். ஆனால் மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் அன்று, சமையலறையில் தனியே. மாணவனின் மானத்துக்காகச் சினந்தவர், ஆசிரியையின் மானத்தையும் காக்கிறார். மதிற்சுவரும் காவலாளியும் தர இயலாத பாதுகாப்பு இது.

நூலில் ஒரு குறையும் உண்டு. நன்மை யாவும் ஒரே மனிதரிடமிருந்து பிறப்பதாகவே நன்றியுணர்வு ஆசிரியரை எழுதச் செய்கிறது. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் பள்ளி எரிந்தபின், அந்தப் பிள்ளைகளுக்கு எஞ்சியது நினைவு மட்டுமே. குழந்தைகளின் மனநலம் தனியொருவரின் நற்குணத்தை மட்டும் நம்பி நிற்கலாகாது; அது பள்ளியின் அன்றாட வழக்கமாக வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இக்கேள்வியை மனத்திற்கொண்டு இந்நூலைப் படிப்பது நலம்.