சூழலோடு படித்தல்: ஆங்கில, அமெரிக்க இலக்கிய ஆய்வின் மரபுகள்

ஆங்கில இலக்கியத்தைத் தனித் தேர்வுப் பாடமாகக் கேம்பிரிட்ஜ் ஏற்றது 1917-இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சென்னை மாகாணத்து மாணவர்கள் ஷேக்ஸ்பியரைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர், லியர் மன்னன் நாடகத்தையும் இந்திய அரசியலையும் இணைத்து 1900-இல் ஒரு நூலே எழுதினார். இந்தப் பாடம் தாயகத்தில் வேரூன்றுவதற்கு முன்பே காலனியில் ஆட்சிக் கருவியாக வடிவம் பெற்றது என்பதைக் கவுரி விசுவநாதனின் ‘மாஸ்க்ஸ் ஆஃப் காங்க்வெஸ்ட்’ (1989) விரிவாகக் காட்டியது. ஆக, நூல்களுக்கு மட்டுமின்றி அவற்றைக் கற்பிக்கும் துறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தத் துறையில் சூழலோடு படிக்கும் மரபு எப்படி வளர்ந்தது, எந்தப் பள்ளி எதைத் தந்தது, எங்கே தவறியது என்று பார்ப்போம்.

தொடக்கம் ஒரு பிரெஞ்சுக்காரரிடம். இப்போலித் தேன் தம் ஆங்கில இலக்கிய வரலாற்றில் (1863–64) இனம், சூழல், காலம் ஆகிய மூன்றும் படைப்பைத் தீர்மானிக்கின்றன என்றார். இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாக மதித்தது அவர் கொடை. ஆனால் ஒரே ஊரில், ஒரே காலத்தில் வாழ்ந்த ஆயிரம் பேரில் ஒருவர் மட்டும் ஏன் ஷேக்ஸ்பியர் ஆனார் என்ற கேள்விக்கு அவர் சூத்திரத்தில் விடை இல்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதன் விளைவே ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ (1929). அமெரிக்காவின் புதுத் திறனாய்வாளர்கள் இந்த வழியை ஒரு கோட்பாடாக்கினார்கள். சொல்லை ஊன்றிப் படிக்கும் பயிற்சி இவர்களிடமிருந்து வந்தது. அதை இழந்த எந்தச் சூழல் ஆய்வும் வெறும் வரலாற்றுக் குறிப்பாகிவிடும்.

டில்யார்டின் ‘எலிசபெத்தன் வேர்ல்ட் பிக்சர்’ (1943) மீண்டும் வரலாற்றுக்குத் திரும்பியது. கடவுள் முதல் கல் வரை எல்லாம் படிவரிசையில் அடங்கிய ஓர் ஒழுங்கை எலிசபெத் காலத்தவர் நம்பினார்கள் என்றார் அவர். தெளிவான நூல், பல தலைமுறை மாணவர்களுக்குக் கைகொடுத்தது. ஆயினும் அரசும் திருச்சபையும் பிரசங்கித்த ஒழுங்கை நாட்டு மக்கள் எல்லாருடைய எண்ணமாகவும் அது எடுத்துக்கொண்டது.

அந்தக் குறையைச் சரிசெய்தவர்களில் முதன்மையானவர் ரேமண்ட் வில்லியம்ஸ். வேல்ஸ் எல்லையோரக் கிராமம் ஒன்றில் ரயில்வே சிக்னல் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பென் ஜான்சனின் பென்ஷர்ஸ்ட் மாளிகைக் கவிதையில் மீனும் பறவையும் தாமே விரும்பி விருந்து மேசைக்கு வருகின்றன. இது மரபான புனைவுதான். அந்த மீனைப் பிடித்தவன் யார், சமைத்தவள் யார் என்று ‘தி கண்ட்ரி அண்ட் தி சிட்டி’யில் (1973) வில்லியம்ஸ் கேட்டார். கவிதையின் அழகே உழைப்பை மறைப்பதில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. ரிச்சர்ட் ஹோகார்ட் 1964-இல் பர்மிங்காமில் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையமும் இந்தப் பார்வையின் உடன்பிறப்பே.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே முதல் கேள்வி, நமக்கென்று ஓர் இலக்கியம் உண்டா என்பதே. பாரிங்டன் 1927-இல் அமெரிக்கச் சிந்தனையின் முதன்மை ஓட்டங்களை எழுதியபோது ஜனநாயகக் கருத்தையே அளவுகோலாக்கினார். அந்த அளவுகோலில் எட்கர் ஆலன் போவுக்கு இடமில்லாமல் போயிற்று. மத்தீசனின் ‘அமெரிக்கன் ரினைசான்ஸ்’ (1941) எமர்சன், தோரோ, ஹாதோர்ன், மெல்வில், விட்மன் என்ற ஐவரை நிலைநிறுத்தியது. 1850 முதல் 1855 வரையிலான அந்தச் சில ஆண்டுகளில்தான் ‘ஸ்கார்லெட் லெட்டர்’, ‘மோபி டிக்’, ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ வெளிவந்தன. நாட்டையே உலுக்கிய ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852) வந்ததும் அதே ஆண்டுகளில்தான். ஆனால் ஐவர் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு கறுப்பரும் இல்லை.

1980-இல் ஸ்டீபன் கிரீன்பிளாட்டின் ‘ரினைசான்ஸ் செல்ஃப் ஃபேஷனிங்’ வந்தது. இலக்கியத்தை முன்னால் நிறுத்தி வரலாற்றைப் பின்திரையாக்கும் பழக்கத்தை, அந்நூலோடு எழுந்த புதிய வரலாற்றியம் என்ற பள்ளி கைவிட்டது. நாடகமும் நீதிமன்றப் பதிவும் பயணக் குறிப்பும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்றது. 1601-இல் எலிசபெத் அரசிக்கு எதிரான எசெக்ஸ் பிரபுவின் கிளர்ச்சிக்கு முந்தைய நாள், அவர் ஆதரவாளர்கள் பணம் கொடுத்து, முடியிழந்த இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் பற்றிய நாடகத்தை மேடையேற்றச் செய்த நிகழ்ச்சியை இப்பள்ளியினர் விரும்பி எடுத்தாண்டார்கள். அது ஷேக்ஸ்பியரின் நாடகம்தானா என்றே பின்னர் ஒரு வரலாற்றாசிரியர் ஐயம் எழுப்பினார். ஒரு சுவையான நிகழ்ச்சியை வைத்து ஒரு காலத்தையே எடைபோடுவது இப்பள்ளியின் பலவீனம்.

எட்வர்ட் சயீத் ‘கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்’ (1993) நூலில் ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கை எடுத்துக்கொண்டார். அந்த அமைதியான மாளிகையின் வருமானத்துக்கு ஆண்டிகுவா தீவின் தோட்டமும் ஒரு தூண். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807; நாவல் வெளிவந்தது 1814. அடிமை வணிகம் பற்றிக் கேட்டதும் வீட்டில் மௌனம் நிலவியதாகக் கதாநாயகி சொல்லும் இடம் நாவலிலேயே இருக்கிறது. ஆஸ்டினின் கிண்டலைச் சயீத் போதிய அளவு கவனிக்கவில்லை என்று பெண்ணியத் திறனாய்வு மறுத்தது. ஆனால் அந்தத் தீவைக் கணக்கில் எடுக்காமல் அந்த நாவலை இனிப் படிக்க முடியாது.

இத்தனை பள்ளிகளையும் உரசிப் பார்க்க என்னிடம் உள்ள உரைகல் ஹாரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறு. அடிமையாகப் பிறந்த அவர் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் 1861-இல் வெளியிட்ட நூலைப் புனைகதை என்றும், பதிப்பித்த வெள்ளைப் பெண்மணியின் கைவண்ணம் என்றும் அறிஞர்கள் நெடுங்காலம் ஒதுக்கினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் ஜேக்கப்ஸின் கடிதங்களைத் தேடிப் படித்து, எழுதியது அவரே என்று நிறுவி, 1987-இல் செம்பதிப்பு கொண்டுவந்தார். எந்தக் கோட்பாட்டாலும் முடியாததை ஆவணக் காப்பகத்தில் செலவிட்ட உழைப்பு செய்து காட்டியது.

இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைத் திரட்டலாம். முதலாவது, எழுதிய காலம், அச்சான காலம், பதிப்பு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் 1597 பதிப்பில் மன்னன் முடிதுறக்கும் காட்சி இல்லை, 1608 பதிப்பில்தான் அது அச்சேறியது. இரண்டாவது, காலத்தின் குரல் என்று நாம் சொல்வது யாருடைய குரல் என்று கேட்க வேண்டும். மூன்றாவதே தலையாயது: வெளியே சென்று திரட்டிய செய்தி நூலுக்குத் திரும்பி வந்து, இதுவரை விளங்காத ஓர் இடத்தை விளக்க வேண்டும். விளக்காவிட்டால் அது எவ்வளவு உண்மையானாலும் ஆய்வுக்கு வேண்டாத சுமை.

நம் கல்லூரி விடைத்தாள்களில் சமூகப் பின்னணி என்பது நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்த முதல் பத்தியாகச் சுருங்கிவிட்டது. ஆசிரியப் பெருமக்கள் அந்தப் பத்திக்கு மதிப்பெண் தருவதை நிறுத்தலாம். பழம்பதிப்புகள் பலவும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர்கள் ஒரு நூலின் முதற்பதிப்பையும் அதே ஆண்டுச் செய்தித்தாள் ஒன்றையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கட்டும்.