பட்டியலும் பிரதியும்
கிரானிலிருந்து ஒரு நோக்கு

எதனை வாசிப்பது என்ற வினா, நூல்கள் பெருகிவிட்ட இக்காலத்துக்கே உரியது போலத் தோன்றலாம். ஆயின் தமிழில் அவ்வினா மிகப் பழையது. அதற்குக் கிடைத்த விடையும் பழையது. எட்டுத்தொகை நூல்களை இந்நோக்கில் ஒருமுறை பார்த்தல் தகும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. தொகுத்தவர் சுவை தேர்ந்தவர். தொகுப்பித்தவனோ ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் எழுதுவோன் உணவுக்கும் வழி செய்தவன் எனக் கொள்ளலாம். நல்லது எது என்ற தீர்ப்பும், அந்நல்லது வாசிப்போன் கையிற் சேர்வதற்கான ஏற்பாடும் அன்று ஒரே செயலின் இரு கூறுகளாக விளங்கின. நமது காலத்தில் இவ்விரண்டும் தனித்தனியே பிரிந்துவிட்டன. அப்பிரிவினால் மிகுதியும் நட்டமடைவோர் நகரங்களுக்கு அப்பால் வாழும் வாசகரே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மட்டக்களப்பிலிருந்து சித்தாண்டி, சந்திவெளி கடந்து வாழைச்சேனைக்குச் செல்லும் வழியிலுள்ள எமதூராகிய கிரானை இவ்வாதத்துக்கு உரைகல்லாகக் கொள்கிறேன். நெல்லை நம்பி வாழும் ஊர் அது. மாரியில் வெள்ளம் பெருகினால், மேற்கே புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் பாதை நீரில் அமிழ்ந்து, மனிதரும் மூட்டைகளும் தோணியிற் கடக்கும் ஊர்.

பரிந்துரை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு நவீன காலத்திலே தலைசிறந்த உதாரணம், 1880 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கும்பகோணத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடலாகும். கல்லூரித் தமிழாசிரியராகப் புதிதாக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையரிடம், முன்சீப்பாக அங்கு வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் எனக் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கிச் சென்றார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் வினவியபோது ஐயரிடம் விடை இருக்கவில்லை. இச்சந்திப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுவர். முதலியார் அதன்பின் சிந்தாமணிப் பிரதியொன்றைத் தேடித் தருவித்து ஐயர் கையிற் கொடுத்தார் என்பதும், அவ்வாறு கொடுத்ததனாலேயே 1887 இல் அந்நூல் அச்சில் வெளிவர வழி பிறந்தது என்பதும் சமமான முக்கியத்துவம் உடையன. வெறும் வினாவோடு முதலியார் எழுந்து சென்றிருப்பின், ஐயருக்கு எஞ்சியிருக்கக்கூடியது நாணம் ஒன்றே.

நமது பட்டியல்காரர் பலர் முதலியாரின் வினாவை மாத்திரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகின்றனர். தமிழகத்திலே இத்துறைக்கு முன்னோடி க. நா. சுப்ரமண்யம் (1912–1988). அவருடைய நூலொன்றின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது. மறக்கப்பட்ட நாவல்களையும் கவனிக்கப்படாத எழுத்தாளர்களையும் சலிப்பின்றி நினைவூட்டிய பெருமை அவருக்குண்டு. ஆனால் காரணம் கூறுவதில் அவர் சிக்கனக்காரர். பெயரைச் சொன்னாற் போதும், சுவையுடையவன் கண்டுகொள்வான் என்ற நம்பிக்கை அவர் பட்டியல்களில் ஊடுருவி நிற்கிறது. கைலாசபதி இப்போக்கினை 1980 இல் வெளிவந்த ‘திறனாய்வுப் பிரச்சினைகள்’ என்னும் நூலிலே கடுமையாக விமர்சித்தார். அவரது கண்டனம் பெரும்பாலும் க. நா. சு. குழுவினரின் கலைக் கொள்கையைப் பற்றியது. எனக்கோ வேறொரு குறை பெரிதாகப் படுகிறது. க. நா. சு.வின் பட்டியல், நூல் கிடைக்கக்கூடிய ஒரு சூழலை முன்னமே எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் அவ்வாறு எடுத்துக்கொள்வதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்னும் விதிகளை 1931 இல் வகுத்தார். 1948 இலே சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் அறவிடப்பட்டு மாவட்டந்தோறும் நூலகங்கள் எழுந்தன. பட்டியலுக்குப் பின்னால் ஒரு தொகுப்பித்தவன் நின்றான் என்க. பிற்காலத்தில் ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் முதலியோர் தந்த பட்டியல்களும் அந்த அடித்தளத்தின்மீதே நிற்கின்றன. அவற்றில் ஈழத்துப் பெயர்களும் சில உள. கிரானிலே அவற்றைப் படிக்கும் ஒருவன் அவற்றை ஊர்ப் பெயர்களைப் போலவே படிக்கிறான். போய்ப் பார்த்த ஊர்கள் மிகச் சில.

இலங்கையிலோ நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் வருவாயை நம்பியிருப்பவை. கிராமங்களைப் பொறுத்தவரை 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அது பிரதேச சபைகளின் பொறுப்பாயிற்று. வடகிழக்கின் துயரம் இதனோடு சேர்ந்துகொண்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின என்பதை உலகறியும். கிழக்கின் இழப்புக்கு அவ்வாறான ஓர் எண்ணைச் சொல்ல இயலாது. 1978 நவம்பர்ச் சூறாவளி, 1990 இன் இடப்பெயர்வு, 2004 இன் ஆழிப்பேரலை, 2006–2007 இன் யுத்தம் என ஒவ்வொன்றிலும் வீடுவிட்டுப் புறப்பட்டோர் பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டனர். புத்தக அலுமாரியை எடுத்துச் சென்றவர் யார்?

பட்டியலும் பிரதியும் இணைந்து சென்ற சந்தர்ப்பங்கள் ஈழத்தில் இல்லாமற் போகவில்லை. எழுபதுகளின் ஆரம்பத்திலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் வீரகேசரிப் பிரசுரம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிடலாயிற்று. 1973 இல் வந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ அவ்வாறு வாசகரை அடைந்ததே. ஒரு பத்திரிகை நிறுவனத்தின் விநியோக வழிகள் இலக்கியத்துக்குத் தோள் கொடுத்தன. அவ்வரிசையில் எல்லாமே நல்ல நாவல்கள் என யாரும் கூறார். எனினும் அவை வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்ததனாலே அவற்றைப் பற்றித் தர்க்கிக்கவும் முடிந்தது.

இன்று தொகுப்பித்தவனின் இடத்தை வேறொன்று நிரப்பத் தொடங்கியுள்ளது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கி வருகிறது. 2005 இல் ஆரம்பமான ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் மல்லிகை, அலை போன்ற சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக்கணக்கிற் படியெடுத்து எவரும் வாசிக்குமாறு வைத்துள்ளது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்து நாளிதழ்களே சில பதிப்புகளை நிறுத்த வேண்டி வந்த வேளையிலும் இந்நூலகத்தின் கதவு மூடவில்லை. வெள்ளம் சூழ்ந்த நாளிலும் கிரான் இளைஞன் ஒருவனின் கைத்தொலைபேசியிலே ஒரு முழு நூலகம் இருக்கிறது. இது சாதாரண மாற்றமன்று.

ஆயினும் அங்கு மற்றைய பாதி இல்லை. ஒரு பாடசாலையின் ஆண்டு மலரும் ஒரு நினைவு மலரும் நீலாவணனின் கவிதைத் தொகுதியும் அங்கே ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும். இதனை நான் குற்றமாகக் கூறவில்லை. ஆவணப்படுத்துவோன் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் நாளைய ஆய்வாளனின் சான்றுகளை இன்றே எறிந்தவனாவான். என். செல்வராஜாவின் ‘நூல் தேட்ட’மும் அத்தகையதே. 2002 இல் முதற்றொகுதி வெளிவந்த இப்பெரும் பணி, தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக ஈழத்தவர் நூல்களை விவரிக்கின்றது. எந்நூல் உண்டு என்பதை அது சொல்லும். எதனை முதலிற் படிப்பது என்பதைச் சொல்லுதல் அதன் வேலையன்று. அது விமர்சகனின் வேலை. நமது விமர்சகர்களோ பட்டியல் இடுதல் தம் தகுதிக்குக் குறைந்தது என எண்ணுகிறார்கள் போலும். 1979 இல் மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு, நுஃமான் ஆகிய மூவரும் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ என்னும் சிறு நூல் இத்தேவையை ஓரளவு நிறைவு செய்தது. அதன் பின் ஒரு நாற்பதாண்டு கழிந்துவிட்டது.

கிழக்கிலே நூல் பரிந்துரைக்கப் புகுவோர் முதலிற் சொல்லும் பெயர் சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’. 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த அது பேராராய்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயின் இசைக் கணிதத்தில் பயிற்சியில்லாத ஓர் இளம் வாசகனிடம் அதனை முதன்முதலாக நீட்டுவது பக்தியின் செயல், பரிந்துரை ஆகாது. அதனைச் சிபாரிசு செய்வோரிற் பலர் எத்தனை பக்கம் தாண்டியிருப்பர் என்ற ஐயமும் எனக்கு உண்டு. அடிகளை அறிய விரும்புவோன் 1926 இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே தொடங்கலாம். ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியாராக்கி, அவருடைய நாடகங்களைத் தமிழ் மெய்ப்பாட்டின் துணைகொண்டு படித்துக் காட்டும் துணிவு அதிலே உண்டு. நடை கடினந்தான், ஆனால் கதைகள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்.

அடுத்து வழக்கமாகச் சொல்லப்படுபவை இரண்டு. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ ஒன்று, வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) மற்றையது. இவற்றை ஒரே மூச்சிற் கூறுவது தவறு. மான்மியம் ஏட்டு வழி வந்தது; குடிகளின் உரிமையையும் கோயில் முறைமையையும் நிலைநாட்டும் நோக்கமுடையது. அதனைச் சரித்திரமாக நம்பிப் படிப்பவன் ஏமாறுவான். யார் யாருக்கு என்ன உரிமை என்று யார் சொல்ல விரும்பினர் எனக் கேட்டுப் படிப்பவனுக்கு அது பெரும் புதையல். கந்தையாவின் நூலோ நாட்டுப்பாடல், கூத்து, கண்ணகி வழிபாடு, பேச்சு வழக்கு ஆகியவற்றை அன்போடு திரட்டி வைத்தது. அந்த அன்பு சில இடங்களிலே அளவு மீறிவிடுகிறது. நம்மூர்ச் சொல் எல்லாவற்றுக்கும் சங்கச் சான்று காணும் ஆர்வம் நம்மை இலேசாகப் புன்னகைக்க வைக்கும். ஆனாலும் எமது பாட்டிமார் வாயிற் கேட்ட சொற்களை அச்சிற் காணும் வியப்பை வேறெந்நூலும் இவ்வளவு தந்ததில்லை.

படைப்பிலக்கியத்துக்கு வந்தால், கிரானிலே முதலிற் படிக்க வேண்டியது நீலாவணனின் ‘வேளாண்மை’ எனத் துணிந்து கூறுவேன். கவிஞர் 1975 இல் மறைந்தார். காவியம் 1982 இல் நூலாயிற்று. வேளாண்மை என்றால் எம்மவர்க்கு வயலில் நிற்கும் பயிரே. வேளாண்மை வெட்டு என்று சொல்லும் ஊரிலே அத்தலைப்புக்கு உரை தேவையில்லை. போடியார், முல்லைக்காரன், வட்டை, சூடு, பொலி என எமது களத்துச் சொற்கள் கவிதையாகும் விதத்தைப் பிறதேசத்து வாசகன் அருஞ்சொற் குறிப்பின் துணையோடு படிப்பான். எமதூரான் நேராகப் படிப்பான். இத்தகைய வாய்ப்பு ஒரு வாசகனுக்கு வாழ்நாளில் மிக அரிதாகவே கிட்டும். இருந்தும் அந்நூலின் பெயரையாவது அறிந்தோர் எமதூர் உயர்தர வகுப்பிலே எத்தனை பேர்? பரீட்சை வழிகாட்டியும் கடந்தகால வினாத்தாளுமே அங்கு நூல் எனப்படுகின்றன.

மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ (1962) அடுத்தது. தனக்கெனத் தோணி ஒன்றில்லாத கடற்கரை இளைஞனின் ஏக்கத்தைச் சொல்லும் தலைப்புக் கதை, நிலமற்ற வயற் கூலிக்கும் அப்படியே பொருந்தும். சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர்வளையங்கள்’ (1988) இன்னும் பொறுமை வேண்டுவது. அவருக்குச் செல்லும் எளிய வழி, நுஃமானும் யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ (1984). நீலாவணன், நுஃமான், சண்முகம் சிவலிங்கம் என்னும் கிழக்கின் மூவரும் அதிலே அடுத்தடுத்து வாசிக்கக் கிடைக்கின்றனர். தொகைநூல் என்பது தீர்ப்பையும் பிரதியையும் ஒருங்கே தருவது. கூடலூர் கிழார் செய்த காரியம் இதுவே.

மண்வாசனை ஒன்றையே அளவுகோலாக்குகிறேன் என எவரும் கருதவேண்டாம். மட்டக்களப்பிலே நெடுங்காலம் வாழ்ந்த எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ (1966) முற்றிலும் யாழ்ப்பாணத்து வாழ்வைச் சொல்வது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வீடு வரும் ஒரு லிகிதரின் சில நாள்களைக் கொண்டு ஒரு நடுத்தர வர்க்கத்தையே அது திறந்து காட்டுகிறது. அதனைக் கிரானிலே படிக்காதிருப்பது நட்டம். ஊருக்கு அண்மையிலிருந்து தொடங்கினால் தூரத்துக்குப் போகும் தைரியம் வரும் என்ற அளவிலேயே எனது வரிசை அமைந்தது.

மேற்சொன்னவற்றிற் சிலவற்றை ‘நூலகம்’ தளத்திலேயே படிக்கலாம். அங்கும் இல்லாத, எப்பட்டியலிலும் ஏறாத நூல் வகையொன்று எமது பிரதேசத்தில் உண்டு. அவை அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகள். தென்மோடிக் கூத்தாகிய ‘அலங்காரரூபன்’ 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் அச்சேறியது. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) ஆட்டத்தையும் அமைப்பையும் விரிவாக ஆராய்ந்தது. ஆயினும் வடமோடி, தென்மோடிப் பிரதிகள் பல இன்னும் வீடுகளிலே பெட்டிகளிற் கிடக்கின்றன. ஏடு பெயர்த்து எழுதிய கொப்பி, அதனைப் பார்த்துப் பேரன் எழுதிய கொப்பி என அவை தலைமுறை கடந்து வந்தவை. அவற்றை இரவல் கேட்டு, பக்கம் பக்கமாக ஒளிப்படமெடுத்து அண்ணாவியாரின் அனுமதியோடு எண்ணிம நூலகத்திற் சேர்ப்பதற்கு ஒரு கைத்தொலைபேசியும் சில பிற்பகல்களும் போதும். எமது தமிழ்ச் சங்க உறுப்பினரில் வாவியின் இரு கரையூர்களையும் சேர்ந்தோர் பலர் உளர். ஐப்பசி மழைக்கு முன்னர் இவ்வேலையைத் தொடங்குதல் நன்று. கிரானிலே பெட்டிகள் வைக்கப்படுவது பெரும்பாலும் தரையில்.