திரும்பி வந்த கதைக்குப் பால்கோவா

பிரசுரமான என் கதைகள் எதற்கும் நான் இனிப்பு வாங்கியதில்லை. திரும்பி வந்த ஒன்றுக்கு வாங்கினேன். அரைக் கிலோ பால்கோவா, அதுவும் அசல் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கு. "ஏண்டி, வேண்டாம்னுதானே எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா. வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தார் அந்தப் பத்திரிகை ஆசிரியர். ஆனால் எப்படி எழுதியிருந்தார்!

கதை அனுப்பிப் பழகியவர்களுக்கு மறுப்பின் வகைகள் அத்துப்படி. மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று கொள்க. இது ஒரு வகை. 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' இன்னொரு வகை. தபால் தலை ஒட்டி, சுயவிலாசமிட்டு வைத்த உறையில், மடிப்புக் கலையாமல் கதை வீடு திரும்பிய காலத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாராவது பிரித்தாவது பார்த்தார்களா என்கிற சந்தேகம்தான் அதில் பெரிய வதையாம். எனக்கு வந்த மின்னஞ்சலில் அந்தச் சந்தேகத்துக்கே வேலையில்லை. மனிதர் கடைசி வரிவரை படித்திருந்தார். படித்துவிட்டு, என் கதையில் வரும் பெரியவருக்காக என்னிடமே சண்டைக்கும் வந்திருந்தார்!

விருதுநகர்ப் பக்கம் மளிகைக் கடையை மூடும் ஒரு பெரியவரின் கதை அது. சாக்கு, அலமாரி, கல்லாப்பெட்டி எல்லாம் போன பிறகு பழைய தட்டுத் தராசு மட்டும் மிஞ்சுகிறது. அதைத் துடைக்கிறார். வெறும் தட்டுகள் இரண்டும் ஆடி அடங்கிச் சமமாக நிற்கும்வரை பிடித்துப் பார்க்கிறார். கீழே வைக்கிறார். அதற்குப் பிறகு காலம், நேர்மை, வாழ்க்கையின் எடை என்று ஒரு முழுப் பத்தி. ஆசிரியர் எழுதினார்: "தராசைக் கீழே வைத்ததும் கதை முடிந்துவிட்டது. பிறகு பேசுவது நீங்கள். அந்த மனிதரைக் கொஞ்சம் தனியாக விடுங்களேன்."

அடடா, அந்த 'விடுங்களேன்'! விளக்காதே, காட்டு என்று பட்டறைக்குப் பட்டறை கேட்டுக் காது புளித்துப்போன சங்கதிதான். ஆனால் என் கதையில், இன்ன வரியில் என்று விரல் வைத்துக் காட்டியவர் இவர்தான். பத்தியை நீக்கிவிட்டு வாசித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்னொரு குறிப்பும் இருந்தது. "மருமகள் ஏன் செய்தி வாசிக்கிறாள்?" நான் எழுதியிருந்தது: "இந்தத் தராசை நாம் பழைய பொருள் வியாபாரியிடம் விற்றுவிடலாம் அல்லவா, மாமா?" விருதுநகரில் எந்த மருமகள் இப்படிப் பேசுவாள்? மாற்றியது: "அதையும் எடைக்குப் போட்டுருவோமா மாமா?" தராசையே எடைக்குப் போடுவது! இத்தனை நாளும் அந்த வாக்கியம் எங்கள் தெருவிலேயேதான் கிடந்திருக்கிறது.

அன்று ராத்திரியே அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையை எடுத்துவைத்துக்கொண்டேன். புலியாட்டம் ஆடிக் காட்டிவிட்டுப் போன காதருக்கு சினிமா ஸ்டுடியோவிலிருந்து கடிதம் போகிறது. ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது. அதற்குமேல் அசோகமித்திரன் நம்மை அழச் சொல்வதில்லை. முன்பு எத்தனையோ தடவை படித்த கதைதான். அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு, எழுதாமல் விட்ட இடங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

எழுத்தாளர் ஸ்டீபன் கிங்குக்கும் இப்படி ஒன்று வாய்த்திருக்கிறது. 1966இல், பள்ளிக்கூட மாணவனாக இருந்தபோது, திரும்பி வந்த கதையோடு ஒரு கைக்குறிப்பு: இரண்டாம் பிரதி என்பது முதல் பிரதியில் 10 சதவீதம் குறைத்தது. அதை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். என் சுவரில் இடமில்லை, அம்மாவின் காலண்டர்கள். எனக்கு வந்த மின்னஞ்சலை ஃபோனில் வைத்திருக்கிறேன், பஸ்ஸில் உட்கார்ந்தால் எடுத்துப் பார்க்கிறேன்.

அச்சில் வந்த கதைகளுக்கு என்ன கிடைத்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல். 'அருமை தோழி'. சித்தப்பா ஒருவர், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, வாழ்த்தினார். நான் எழுதியதை ஒருவர் வரிவரியாகப் படித்தார் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி, அதை வேண்டாம் என்று சொன்ன அந்தக் கடிதம்தான். இதைப் பிரசுரத்தைவிட ஒரு படி கீழே வைக்க என்னால் முடியாது!

ஒன்று மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த கதையை அனுப்புங்கள்" என்றுதான் அவர் முடித்திருந்தார். "திருத்தி அனுப்புங்கள்" என்றல்ல. இரண்டும் வேறு வேறு. அதனால் தராசை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுதி, ஆற அமரப் பத்துச் சதவீதமும் குறைத்து அனுப்பினேன்.

அதுவும் தேர்வாகவில்லை. இந்த முறை இரண்டே வரி: "முடிவு பிரமாதம். ஆனால் கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது." பிரமாதமாம்! முதல் இரண்டு பக்கத்தையும் அப்போதே எடுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மூன்றாம் பக்கத்து முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.