வண்ண மலர்கள் என்றால் என்ன நிறம்?

பங்குத் திருவிழா மலருக்கென எம் இளைஞர்கள் எழுதித் தந்த கவிதைகளை அண்மையில் வாசித்துத் திருத்தும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஏறத்தாழ எல்லாவற்றிலும் ‘வண்ண வண்ண மலர்கள்’ பூத்திருந்தன. எந்த மலர், என்ன நிறம் என ஒருவரும் கூறவில்லை. எழுதியவர்களுள் இருவர் அச்சகத்தில் மை கலப்பவர்கள். மற்றொருவர் பட்டாசு ஆலையில் மணிமருந்துப் பிரிவில் உழைப்பவரின் மகன். நாளெல்லாம் நிறத்தோடு வாழும் சிவகாசி வட்டாரத்திலேயே நிறம் இப்படி வெறுஞ்சொல்லாய்த் தேய்ந்தது ஏன்?

நம் முன்னோரிடம் நிறப்பெயர்கள் மிகுதியாக இல்லை. வெண்மை, கருமை, செம்மை, பசுமை ஆகியவை தொன்மையானவை. பசுமை இலைக்கும் ஆகும், பொன்னுக்கும் ஆகும். மஞ்சளோ கிழங்கின் பெயர். இந்த வறுமையே அவர்களைக் கூர்ந்து பார்க்க வைத்தது என்பது என் கருத்து. தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கையில், வடிவுக்கு ‘மெய்’ என்றும் நிறத்துக்கு ‘உரு’ என்றும் தனித்தனி இடம் ஒதுக்கினார். பெயரில்லா நிறத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். ஒப்பிடுகிறவன் இரண்டையும் கண்டிருக்க வேண்டும்.

கபிலர் கண்டிருந்தார். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் மழை கழுவிய பாறையில் குவிக்கும் 99 மலர்களை வெறும் பட்டியல் என்று குருமாணவனாய் இருந்த நாளில் நான் சலித்துக்கொண்டதுண்டு. பின்னரே அவற்றுள் பல சிறு அடைமொழியோடு வருவதைக் கவனித்தேன். எறுழம்பூ நெருப்பைப் போன்றது. கருவிளை நீலமணி போன்றது. ஆயினும் கபிலர் குவிக்கிறார். இணைக்கும் கலையை வேறிடத்தில் தேட வேண்டும்.

குறுந்தொகை 62-ஆம் பாடலில் சிறைக்குடி ஆந்தையார் ஒரு மாலை தொடுக்கிறார். வெண்காந்தள், பசுமை மாறாத முல்லை, இடையிடையே குவளை. அவ்வளவுதான். சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை. வெண்மைக்கும் வெண்மைக்கும் நடுவே நீலம் மூச்சு விட இடம் இருக்கிறது. தலைவியின் மேனிக்கு உவமையாக வரும் மாலை இது. நம் தேர்மாலைகளை நினைத்துக்கொண்டேன்: ஒரு நிறம் மற்றொன்றை நெருக்கித் தள்ளும், மேலே சரிகை வேறு!

இவர்கள் இருவரையும் கடந்து நிற்பவர் நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில் குயில், மயில், கருவிளை, களாக்கனி, பூவைப்பூ என்னும் ஐந்தையும் அழைத்து, பெரும் பாதகர்கள் என்று ஏசி, எம்பெருமானின் நிறம் உங்களுக்கு எதற்கு என்று கேட்கிறார். கரியது ஒன்று, பசுமை கலந்த நீலம் ஒன்று, ஊதா சார்ந்தது ஒன்று. ஓவியர் இவற்றை ஒரே நிறமென ஒப்பமாட்டார். பிரிந்தவளின் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறம். நிறங்களை இணைப்பது இங்கே அழகுணர்ச்சி அன்று, ஏக்கம். சமயம் வேறாயினும், இறைவனைத் தேடித் தவித்த எவருக்கும் இது விளங்கும்.

இனி நம்மவர் நிறத்துக்கு வருவோம். வாணவேடிக்கையில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தது. இங்கே நிறம் உயிரையும் கேட்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய மண்ணில் ‘வண்ண வண்ண’ என்று எழுதிப் போவது வெறும் நடைக்குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாணவனின் தந்தையிடம் எந்த நிறம் கடினம் என்று கேட்டேன். அலுமினியத் தூள் படிந்த விரல்களைத் துடைத்தவாறே சொன்னார்: “நீலந்தான் சாமி. சூடு கூடினா வெளுத்துரும். சங்குப்பூ மாதிரி விழணும். விழுறது என்னமோ வேட்டிக்குப் போட்ட சொட்டு நீலம் மாதிரிதான்.”

சங்குப்பூவே ஆண்டாளின் கருவிளை. உருவுவமம் இரண்டு, ஒரே மூச்சில். மகனின் கவிதையை மறுபடி புரட்டிப் பார்த்தேன். அதில் அந்த நீலம் இல்லை. தந்தையிடம் கேட்டு எழுதிவரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.