சுட்டவர் எழுதிய ஏடு

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்கும் கம்பத்திற்கும் செல்லும் பேருந்துகள் உசிலம்பட்டி வழியாக மேற்கு நோக்கிப் போகின்றன. நிலையத்தை ஒட்டிய அரசரடிப் பகுதியில் புது ஜெயில் ரோட்டில் மதுரை மத்திய சிறை இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அவ்வூரில் காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர் ஆண்களைப் பதிவுசெய்து கைரேகை எடுக்க வந்தபோது ஊரார் மறுத்தனர் என்பதே அதன் காரணம். ‘ரேகைச் சட்டம்’ என்றே முதியோர் இன்றும் அதனைக் குறிப்பிடுவர்.

அவ்வழியே நாம் பலமுறை சென்றிருக்கிறோம். ஆயினும் காவல்துறை, துப்பாக்கி, குற்றவியல் நீதி ஆகியன குறித்துப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட நூல்களைப் படித்த பின்னரே அவ்வழியைப் பற்றி நாம் கேட்கத் தவறிய வினாக்கள் தென்பட்டன. அந்நூல்களுள் சிலவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ‘துப்பாக்கி வன்முறை’ என்ற சொற்றொடரையே எடுத்துக்கொள்வோம். இத்துறை ஆய்வுகளில் மிகுதியானவை அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே குடிமக்கள் கையில் துப்பாக்கி மலிந்து கிடக்கிறது. பிராங்க்ளின் சிம்ரிங் என்னும் சட்டப் பேராசிரியர் 2017இல் வெளியிட்ட ‘வென் போலீஸ் கில்’ என்ற நூல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே காவலரால் கொல்லப்படுவதையும், எதிரே நிற்பவரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்ற அச்சம் அதற்கு ஒரு பெருங்காரணமாவதையும் விரிவாகக் காட்டுகிறது. அரசின் புள்ளிவிவரம் நம்பத்தகாததாக இருந்ததால் அந்த எண்ணிக்கையை நாளிதழ்களே 2015 முதல் திரட்ட வேண்டியிருந்தது என்பதும் நோக்கத்தக்கது. இவ்வாய்வுச் சட்டகத்தை அப்படியே மதுரைச் சமவெளிக்குக் கொணர்வோர் இடறிவிழுவர். இங்கே குடியானவனிடம் இருப்பது அரிவாளும் கம்பும். மிஞ்சினால் நாட்டு வெடிகுண்டு. நம் மண்ணில் துப்பாக்கி பெரும்பாலும் அரசின் கையிலேயே இருந்து வந்துள்ளது. ஆகவே துப்பாக்கி பற்றிய ஆய்வு, இங்கே அரசு தன் செயலைத் தானே எவ்வாறு எழுதிவைத்தது என்பதைப் பற்றிய ஆய்வாகவும் ஆகிவிடுகிறது.

இந்த எழுத்தையே நேராக எடுத்து ஆராய்ந்தவர் என்ற வகையில் வரலாற்றாசிரியர் ராதா குமாரின் ‘போலீஸ் மேட்டர்ஸ்’ நூலுக்குத் தனியிடம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021இல் வெளியிட்டது. 1900 முதல் 1975 வரையிலான தமிழகக் கிராமப்புறக் காவலைப் பேசுவது. டேவிட் அர்னால்டு 1986இல் எழுதிய சென்னை மாகாணக் காவல் வரலாறு தலைமையகத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தது என்றால், இவர் இதுவரை எவரும் பெரிதும் தொடாத காவல் நிலைய ஏடுகளைப் புரட்டி, சந்தைத் தெருவில் ரோந்து போன சாதாரணக் காவலரின் பார்வையைப் பின்தொடர்கிறார். அடக்குமுறை என்பது என்றோ ஒருநாள் வெடிக்கும் துப்பாக்கியில் மட்டும் இல்லை, அன்றாடக் கண்காணிப்பிலும் பதிவேட்டிலும் ஓயாமல் நடப்பது என்பதும், சாதியைக் கொண்டே காவல்துறை மனிதரை வகைப்படுத்தியது என்பதும், அந்த வகைப்பாடு விடுதலைக்குப் பின்னும் நீண்ட நிழல் வீழ்த்தியது என்பதும் அவர்தம் முடிபுகள். இவற்றை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம். ‘கேடி’ என்று நாம் விளையாட்டாகத் திட்டுகிறோமே, அச்சொல்லே காவல் நிலையப் பட்டியலின் இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து பிறந்தது என்பர். ஏடு நம் நாவிலும் ஏறிவிட்டது.

எனினும் ஒரு குறை நமக்குப் படுகிறது. காவல் ஏட்டின் குற்றங்களை ராதா குமார் அறியாதவர் அல்லர். ‘பொய் வழக்கு’ என்ற முத்திரையை ஏடு எவ்வாறு கையாள்கிறது என்பதை அவரே ஆராய்கிறார். ஆயினும் அன்றாடத்தின்மீது அழுத்தம் ஏறும் அளவுக்கு, சுடப்பட்ட அந்த ஒரு நாள் பின்னுக்குப் போகிறது. இறந்தவர் எத்தனை பேர், குண்டு உடலில் எங்கே புகுந்தது, கூட்டம் முன்னேறியதா ஓடியதா என்னும் வினாக்கள் பழமையானவை, எளியவை. அவற்றுக்கு விடை கிட்டாத வரையில் அடக்குமுறை பற்றிய நுண்ணிய கோட்பாடுகள் ஓரளவு அந்தரத்தில் தொங்குகின்றன என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே இப்னு கல்தூன் நினைவுக்கு வருகிறார். 1377இல் எழுதிய ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே அவர் எண்ணிக்கையைப் பற்றித்தான் வாதிடுகிறார். இஸ்ரவேலரின் படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலிய வரலாற்றாசிரியர்கள் எழுதிச்சென்றதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் நிற்க நிலம் எங்கே, உணவு எங்கே என்று கேட்கிறார். அறிவிப்பவரின் நேர்மையைச் சோதிப்பதோடு நில்லாமல், அறிவிக்கப்பட்டது நடந்திருக்கக் கூடியதா என்றும் சோதி என்பது அவர் வழி. காவல் ஏட்டில் ‘பெருங்கூட்டம் ஆயுதங்களுடன் சூழ்ந்தது, தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது’ என்ற வாசகம் ஊர் மாறி ஆண்டு மாறி வந்துகொண்டே இருக்கிறது. சொல்பவரோ சுட்டவர், வழக்கில் ஒரு தரப்பு. அவ்வொரு தரப்பின் ஏட்டைத் தவிர வேறு அறிவிப்பு இல்லாதபோது ஆய்வாளர் என்ன செய்வது?

ஊராரின் வாய்மொழியை நாடலாம் என்பது எளிதில் தோன்றும் விடை. அதுவும் அத்தனை எளிதன்று. ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி எழுதிய ‘குரூக்கட் ஸ்டாக்ஸ்’ (2009) இதைத் தெளிவுபடுத்துகிறது. இக்கட்டுரைக்காக நாம் படித்தவற்றுள் மிகச் சிறந்த நூல் இதுவே. ஒரு காலத்தில் காவல்துறையும் அதிகாரிகளும் இம்மக்களைப் பற்றிப் பேசிய ஒழுக்க மொழி, இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே பேசும் மொழியாகவும் கலந்துவிட்டதை அவர் காட்டுகிறார். முன்னோர் முரடர், நாம் திருந்தி உழுது வாழ்கிறோம் என்று உழவரே சொல்லும்போது, அது எவர் குரல்? 1896இல் மதுரை மாவட்ட உழுகுடிகள் கள்ளரின் காவல் வரியை எதிர்த்துத் திரண்டு அவர்களை ஊர்களைவிட்டு விரட்டிய இயக்கத்தைப் பற்றியும் பாண்டியன் தனியே எழுதியுள்ளார். அதைப் படித்த பின், அரசு ஒருபுறம், மக்கள் மறுபுறம் என்று எளிதாகக் கோடு கிழிக்க நமக்குக் கை வரவில்லை. அண்டை ஊராரின் அச்சமும் அச்சட்டத்திற்கு உரம் இட்டது.

இவ்விடத்தில் லூயி துய்மோன் பற்றியும் ஒரு சொல். 1949-50இல் பிரமலைக் கள்ளரிடையே தங்கி, 1957இல் பிரெஞ்சில் அவர் வெளியிட்ட பெருநூல் மானிடவியலில் புகழ்பெற்றது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது 1947இல். இரவில் காவலர் கண்முன் படுத்துறங்கிய ஆண்கள் அவர் சென்றபோது அவ்வூர்களில் நடுவயதினராக இருந்திருப்பர். அவர்கள் நடுவே இருந்த அறிஞரின் கவனமெல்லாம் மணவுறவிலும் குலதெய்வத்திலும் தோய்ந்தது. நூலின் அருமையை மறுக்கவில்லை. வாய்த்த சாட்சிகள் கைநழுவினர் என்ற வருத்தமே நமக்கு.

அண்மைய நிகழ்வுகள் இரண்டு, ஏட்டுக்கு மாற்றான சாட்சி எங்கிருந்து வரக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைத்தது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்தின் கண்காணிப்புக் கருவி அன்றன்றைய பதிவை அன்றன்றே அழித்துவிடுமாறு அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். கருவியில் இடமில்லாமல் அல்ல. உண்மையைச் சொன்னவர் அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர். ஏட்டை எழுதிய துறைக்குள்ளிருந்தே ஏட்டுக்கு மறுப்பு வந்தது.

மற்றொன்று தூத்துக்குடி. 2018 மே 22, 23 நாள்களில் காவல்துறை சுட்டதில் பதின்மூன்று பேர் இறந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடியவர்கள் சுடப்பட்டனர் என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது. அதற்குக் கைகொடுத்தவற்றுள் உடற்கூறாய்வும் ஒன்று. பின்புறமாகப் புகுந்த குண்டை எந்த ஏட்டு வாசகமும் தற்காப்பாக மாற்றிவிட முடியாது. ஆனால் ஆணையம் என்றாலே உண்மை வெளிவரும் என்று நாம் நம்பிவிடவும் இயலாது. 2011 செப்டம்பரில் பரமக்குடியில் ஆறு பேர் இறந்த நிகழ்வை விசாரித்த ஆணையம் துப்பாக்கிச் சூட்டைச் சரியென்றே கூறியது.

நம் வாசகர்கள் 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டார்கள். காவலர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து, கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலுமாகப் பதினெட்டு முஸ்லிம்கள் உயிரிழந்தனர். ‘பதினெட்டு’ என்று ஒரே எண்ணாக நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். எவர் குண்டால், எவர் கும்பலின் கையால் மாண்டார் என்று பிரித்துச் சொல்லாத வரையில் காவல்துறை மீதான வினா முழுமையாக எழவே எழாது. இக்கவனக்குறைவைப் பிறர்மேல் சுமத்துவதற்கு முன், நம் இதழ்களும் இதில் பங்காளிகள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆய்வாளர்களிடம் நாம் எதிர்பார்ப்பது பெரிய கோட்பாடு ஒன்றுமில்லை. ஒரு துப்பாக்கிச் சூட்டை எடுத்துக்கொண்டு, காவல் ஏட்டின் வாசகம், மருத்துவமனைக் குறிப்பு, நீதிமன்றச் சாட்சியம், ஊரார் நினைவு ஆகிய நான்கையும் பக்கம் பக்கமாக வைத்து, எது எதனோடு முரண்படுகிறது என்று தமிழில் ஒரு நூல் வேண்டும். மேலே பேசிய நூல்களெல்லாம் அயல்மொழியில் எழுதப்பட்டவை. அவற்றில் பேசப்படுவோரின் வீட்டுக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை. தொடங்குவதற்குப் பெருங்காமநல்லூரே போதும். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3இல் மக்கள் கூடுகின்றனர். மாயக்காள் குண்டடிபட்டோருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்றும், இறந்தோர் உடல்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தனர் என்றும் சொல்கின்றனர். இச்செய்திகளை அரசுக் கோப்புடன் ஒப்பிட்டு நிறுவவோ மறுக்கவோ வேண்டும். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும்.