ஒரே நாளில் நிறுத்தப்பட்ட வீடு

லண்டனின் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில் 12, 13, 14 ஆகிய கதவிலக்கங்கள் கொண்ட மூன்று வீடுகள் கட்டடக்கலைஞர் சர் ஜான் சோன் கட்டியவை. சோன் அருங்காட்சியகம் இயங்குவது இவற்றில்தான். தம் வீட்டையும் சேகரிப்பையும் நாட்டுக்கு விட்டுச்செல்ல 1833இல் நாடாளுமன்றத்தில் அவர் ஒரு தனிச் சட்டம் பெற்றார். தாம் இறக்கும்போது எல்லாம் எப்படி இருக்குமோ, கூடியமட்டும் அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. 1837 ஜனவரியில் அவர் மறைந்தார். விதி நடைமுறைக்கு வந்தது.

இந்த முறையால் கிடைத்த நன்மை பெரிது. சோன் இல்லத்தில் பொருள்களைவிட அவற்றை வைத்திருக்கும் விதமே அரியது. ஓவிய அறை மிகச் சிறியது. ஆனால் அதன் சுவர்ப்பலகைகள் கீலில் பொருத்தப்பட்டவை. பணியாளர் ஒரு பலகையைத் திறந்தால் உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள். தெற்குப் பலகைகளை முழுதும் விலக்கினால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கீழ்த்தளம் வரை இறங்கும் வெற்றிடம் தெரிகிறது. இந்த அறையில் உள்ள ஓவியர் ஹோகார்த்தின் படைப்புகளை எந்தக் கூடத்திலும் மாட்டலாம். இந்த வியப்பை இடம் மாற்றிக் கொண்டுபோக முடியாது. சேகரிப்பு ஏலத்தில் சிதறியிருந்தால் இது அடியோடு அழிந்திருக்கும்.

குறைகளும் சிறியவை அல்ல. வாழ்ந்த காலமெல்லாம் வீட்டை இடித்தும் மாற்றியும் வந்தவர் சோன். 1815இல் இறந்த மனைவியின் படுக்கையறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்படியே வைத்திருந்து, பின்னர் அதையே கட்டட மாதிரிகளின் அறையாக்கினார். அப்படிப்பட்ட வீட்டுக்கு 1837இன் நிலை முடிவான வடிவம் அல்ல. சாவு குறுக்கிட்ட இடம், அவ்வளவே.

சட்டத்தால் காலத்தையும் தடுக்க இயலவில்லை. சோன் 1824இல் 2,000 பவுனுக்கு வாங்கிய எகிப்திய மன்னர் முதலாம் சேட்டியின் கற்பேழை லண்டன் காற்றில் வெண்மை இழந்தது. எழுத்துகளில் பதித்திருந்த நீலமும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பின்வந்த காப்பாளர்கள் மேல்தள அறைகளைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தியதில் மாதிரிகளின் அறை கலைந்தது. பழைய நீர்வண்ணச் சித்திரங்களையும் பொருட்பட்டியலையும் கொண்டு 21ஆம் நூற்றாண்டில்தான் அது மீட்கப்பட்டது. ஆகவே பார்வையாளர் சோன் காலத்தது என்று நம்பிப் பார்ப்பதில் ஒரு பகுதி அண்மைக்கால வேலை. வேலை நேர்த்தியானது, சான்றுகளை ஒட்டியது. இருந்தாலும் மீட்டமைப்பு அசலாகிவிடாது.

காட்சிப்பொருள்களுக்கு விளக்கச்சீட்டு மிகக் குறைவு என்பதைச் சிலர் குறையாகச் சொல்வர். அந்தக் குறை பொறுக்கத்தக்கதே. சீட்டுகள் வந்தால் வீடு கண்காட்சிக் கூடமாகிவிடும். குறுகிய நடைகளில் ஒரு வேளைக்குச் சிலரையே அனுமதிக்க முடிகிறது என்பது உண்மையான இழப்பு. சக்கர நாற்காலியில் வருவோருக்காக லிஃப்ட் அமைத்தது, விதியை மீறாமல் வளைத்த நல்ல முடிவு.

ஒரே மனிதரின் கற்பனையில் உருவான வீட்டுக்கு இம்முறை பொருந்தும். பல தலைமுறை வாழ்ந்த மாளிகைக்கு இதை அப்படியே கையாண்டால், தேர்ந்தெடுத்த ஆண்டுக்குப் பின் வாழ்ந்தவர்களின் தடயங்கள் துடைக்கப்படும். அங்கே அடுத்தடுத்த மாற்றங்களையும் விட்டுவைத்து, எது எப்போது சேர்ந்தது என்று பார்வையாளருக்குச் சொல்வதே நேர்மையான பாதுகாப்பு.