பாட்ரிக் மூரின் தட்டச்சுப்பொறி

1908-இல் செய்த வுட்ஸ்டாக் தட்டச்சுப்பொறி அது. பிரிட்டிஷ் வானியலாளர் பாட்ரிக் மூர் சிறுவனாக இருந்தபோது கைக்கு வந்தது, பல பத்தாண்டுகள் அவர் அதை விடவில்லை. நிலவைப் பற்றிய நூல்களும், செவ்வாய்க்குப் போகும் சிறுவர்களின் விண்வெளிக் கதைகளும் அதில் தடதடவென்று பிறந்தன.

பதினோரு வயதில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் சேர்ந்த மனிதர். 1957 ஏப்ரலில், முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறப்பதற்கு ஐந்து மாதத்துக்கும் மேல் முன்பே, பிபிசியில் ‘தி ஸ்கை அட் நைட்’ என்ற மாதாந்திர வானியல் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2012-இல் இறக்கும்வரை, ஒரே ஒரு மாதம் தவிர, அவரே நடத்தினார். ஒற்றைக்கண் கண்ணாடி, மூச்சுவிடாத பேச்சு. ஆனால் எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் செல்சியில் அவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற பன்னிரண்டரை அங்குலத் தொலைநோக்கிதான். மேலே குவிமாடமெல்லாம் இல்லை. இரண்டாகப் பிரிந்து தண்டவாளத்தில் நகரும் கொட்டகை. அதை விலக்கினால் வானம்!

நிலவின் ஓரங்களை அங்கிருந்தும் அதற்கு முன்பும் அவர் கையால் வரைந்து தள்ளினார். நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டவர்களிடம், மலிவான தொலைநோக்கியில் காசைப் போடாதே, நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கு என்றே சொல்லிவந்தார். இன்றும் அதைவிட நல்ல யோசனை கிடையாது.